காதுக்கும் தோளுக்கும் நடுவே: முடித்துறை உதவி மையம்

நடுத்தர நீள முடியைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் ஆசிரியர் கேட்டிருந்தார். வந்து குவிந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், காதைத் தாண்டி இறங்கித் தோளைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் முடியோடு கொங்கு நாட்டின் பாதி மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. பகலெல்லாம் கணினிப் பழுதுகளுக்கு விடை சொல்லும் வேலையில் இருப்பவன் என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆகவே விடைகளிலும் அந்தத் தொழிலின் வாடை அடிக்கும், பொறுத்தருள்க.

*

கேள்வி: பள்ளிக்கூடக் காலத்தில் கிராப்பு, கல்லூரிக் காலத்தில் இடுப்பு வரை சடை, இரண்டிலும் தொல்லை இருந்ததில்லை. தோள் வரை வெட்டிய பிறகு, திங்கட்கிழமை ஒரு வடிவம், செவ்வாய்க்கிழமை வேறொரு வடிவம் என்று முடி தன் விருப்பத்துக்கு நடந்துகொள்கிறது. என் முடியில் ஏதேனும் பழுதா? (வாசகி, வடவள்ளி)

பதில்: பழுது ஒன்றும் இல்லை. உங்கள் முடிக்கு இரண்டு நிர்வாகிகள் இருக்கிறார்கள், இருவருக்கும் ஒரே கடவுச்சொல் தெரியும் என்பதுதான் சிக்கல். ஒருவர் முடியின் விறைப்பு, மற்றவர் புவியீர்ப்பு. கிராப்பில் விறைப்பின் ஆட்சி மட்டுமே நடப்பதால், வேரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பியதோ அந்தத் திசையிலேயே முடி நிற்கும். இடுப்பு வரை நீண்ட முடியிலோ அதன் எடையே எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடுவதால் விறைப்பின் பேச்சு அங்கே எடுபடாது. தோள் வரையிலான முடியில் இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஒருவர் செய்த அமைப்பை மற்றவர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இது என் கற்பனை அன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் கோல்ட்ஸ்டீன், அவருடன் பேட்ரிக் வாரன், ராபின் பால் ஆகிய மூவரும், குதிரைவாலாகக் கட்டிய முடி ஏன் அந்த வடிவத்தில் தொங்குகிறது என்பதற்கு ஒரு சமன்பாட்டையே 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதில் 'ரபன்ஸெல் எண்' என்றோர் அளவு வருகிறது. நீண்ட கூந்தலுக்குப் பெயர்போன ஐரோப்பியக் கதை நாயகியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஓர் ஒற்றை முடி தன் எடையாலேயே வளைந்து கொடுப்பதற்கு எவ்வளவு நீளம் வேண்டுமோ, அந்த அளவால் உங்கள் முடியின் நீளத்தை வகுத்தால் இந்த எண் கிடைக்கும். அந்த வளையும் நீளம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். 2 சென்டிமீட்டர் கிராப்புக்கு எண் ஒன்றுக்கும் கீழே. 60 சென்டிமீட்டர் சடைக்குப் பன்னிரண்டு. உங்களுடையது 20 சென்டிமீட்டர் என்றால் நான்கு. எந்த நிர்வாகிக்கும் முழு அதிகாரம் கிடைக்காத எண் அது. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு, ஓடும்போது குதிரைவால் ஏன் பக்கவாட்டில் ஆடுகிறது என்று ஆராய்ந்த ஜோசப் கெல்லரையும் சேர்த்து, அதே ஆண்டில் இவர்களுக்குக் கிடைத்தது.

போதாக்குறைக்கு, தோளில் வந்து இடிக்கும் நீளத்தில் நுனிகளுக்குக் கீழே போக வழியில்லாமல் வெளிப்பக்கமாக மடங்கிக்கொள்ளும். அதை உள்பக்கமாகத் திருப்பத் தினமும் போராடுவதைக் காட்டிலும், தோளுக்கு இரண்டு விரற்கடை மேலே வெட்டிக்கொள்வது அல்லது இரண்டு விரற்கடை கீழே இறங்கும் வரை பொறுத்திருப்பது மேல். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். மூன்று நான்கு மாதங்களில் தோளைத் தாண்டிவிடும்.

*

கேள்வி: காலையில் எழுந்தால் தலையின் ஒரு பக்கம் படிந்தும் மறுபக்கம் விறைத்தும் நிற்கிறது. அலுவலகத்துக்கு நேரமாகும்போது தலைக்குக் குளிக்கவும் முடியாது. (வாசகர், சரவணம்பட்டி)

பதில்: எங்கள் துறையில் எந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் வரும் விடையே இதற்கும் பொருந்தும்: அணைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டவுடன் விடுபட்டு, உலரும்போது திரும்பவும் பிணைந்துகொள்ளும். உலரும் நேரத்தில் முடி எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே சேமிக்கப்படும் கோப்பு. இரவில் அரைகுறை ஈரத்தோடு தலையணையில் சாய்ந்தால், தலையணையின் வடிவத்தை நீங்களே சேமித்து வைக்கிறீர்கள். முழுத் தலையையும் நனைக்கத் தேவையில்லை. பிடிவாதம் பிடிக்கும் பக்கத்தில் மட்டும் விரல் நுனியால் வேர்களை நனைத்து, வேண்டிய திசையில் சீவி, ஈரம் போகும் வரை கையை வைத்திருந்தால் போதும். நுனியை மட்டும் நனைப்பதால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் முடி எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்பதை வேர்ப்பக்கமே முடிவு செய்கிறது.

*

கேள்வி: கோவை நகருக்குள் வாடகைக்கு இருந்தபோது சிறுவாணித் தண்ணீரில் குளித்த முடி பட்டாக இருந்தது. சொந்த வீடு கட்டி அவிநாசிப் பக்கம் வந்த பிறகு போர் தண்ணீர்தான். முடி தேங்காய் நார் போல் ஆகிவிட்டது, கொட்டவும் செய்கிறது. வீட்டை விற்றுவிடலாமா என்று கூட வீட்டுக்காரர் கேட்கிறார். (வாசகி, அவிநாசி)

பதில்: வீட்டை விற்க வேண்டாம், அம்மா. கருவியில் குற்றமில்லை, இணைப்பில்தான் குற்றம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருக்கும். நீரைச் சுடவைக்கும் வாட்டர் ஹீட்டரின் சுருளை எடுத்துப் பாருங்கள். அதன்மேல் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைப் பொருக்கு தட்டியிருக்கும், நகத்தால் கீறினால் செதில் செதிலாக உதிரும். அதே சரக்கு உங்கள் முடியிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரவிதி, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும், வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. உங்கள் வீட்டு நீரை ஒரு முறை பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டால், எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும். கடைகளில் விற்கும் டி.டி.எஸ். கருவி கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும். கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது.

கொட்டுவதற்குத் தண்ணீர்தான் காரணமா என்பது வேறு விஷயம். நம் கோவையிலேயே, பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் மருத்துவத் துறையினர் இதை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். லிட்டருக்கு 212.5 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட நீரிலும், காய்ச்சி வடித்த நீரிலும் தனித்தனியே ஊறவைத்த முடிகளின் இழுவலிமையையும் நெகிழ்ச்சியையும் ஒப்பிட்டபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பிற்பாடு பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வு, கடின நீரில் முடியின் வலிமை குறைவதாகக் கண்டது. இரண்டுமே வெட்டியெடுத்த முடியின் உறுதியைப் பற்றிப் பேசுபவை. வேரோடு கொட்டுவதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆகவே நார்போல் ஆனதற்குத் தண்ணீரைக் குறை சொல்லுங்கள். கொட்டுவதற்கு வேறு காரணத்தைத் தேடுங்கள்.

நார்த்தன்மைக்கு வழி இருக்கிறது. குளிக்கும் சோப்பைத் தலைக்குப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி முடியிலேயே தங்கிவிடும், தவிர அதன் காரத்தன்மை முடியின் மேற்செதில்களைத் தூக்கிவிட்டு உராய்வையும் கூட்டும். ஷாம்புவும் சீயக்காயும் உப்புத் தண்ணீரில் அப்படிப் பிசுக்காவதில்லை. ஷாம்பு வாங்கும்போது உறையின் பின்புறத்தில் 'ஈ.டி.டி.ஏ.' என்று முடியும் பெயர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கால்சியத்தைப் பிடித்து வெளியே தள்ளும் வேலையை அது செய்யும். கடைசியாக ஊற்றும் இரண்டு சொம்பு மட்டும் குழாயில் வரும் அத்திக்கடவு ஆற்றுத் தண்ணீராகவோ பிடித்து வைத்த மழை நீராகவோ இருக்கட்டும். அதற்கு முந்தைய சொம்பில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விட்டால் படிந்த சுண்ணாம்பு இளகிவிடும். ஆனால் அந்தச் சாறு தோலில் தங்கியிருக்க வெயிலில் போய் நிற்கக்கூடாது, தோல் கறுத்துப் புண்ணாகிவிடும். நன்றாக அலசிவிட வேண்டும். முழு வீட்டுக்கும் நீர் மென்மையாக்கும் கருவி பொருத்தலாமா என்றால், தாராளமாகப் பொருத்தலாம், ஆனால் முடிக்காக மட்டும் என்றால் அது கொசுவை அடிக்கக் கடப்பாரை வாங்கும் செலவு.

*

கேள்வி: சலூனில் 'மீடியமா வெட்டுங்க' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது நான் ராணுவத்தில் சேரத் தயாராக இருந்தேன். இத்தனைக்கும் அவர் இருபது வருடப் பழக்கம். (வாசகர், ஈரோடு)

பதில்: இது வெட்டியவரின் குற்றம் அன்று, தேவை ஆவணம் எழுதாமல் பணி தொடங்கியதன் குற்றம். எங்கள் துறையில் வாடிக்கையாளர் 'நடுத்தரமாக ஒரு செயலி செய்து கொடுங்கள்' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனால் நடப்பதும் இதுதான். முடிவெட்டும் இயந்திரத்தில் மாட்டும் சீப்புகளுக்கு எண் உண்டு: ஒன்றாம் எண் 3 மில்லிமீட்டர், இரண்டாம் எண் 6, நான்காம் எண் 13, எட்டாம் எண் 25. நாள் முழுவதும் ஒன்றையும் இரண்டையும் மாட்டிக்கொண்டிருக்கும் கைக்கு நான்கு என்பதே நடுத்தரம். உங்கள் நடுத்தரமோ இந்த எண்களுக்கெல்லாம் அப்பாற்பட்டது. அதற்கு இயந்திரமே தேவையில்லை, கத்தரியும் சீப்பும் போதும். ஆகவே 'மீடியம்' என்ற சொல்லை மறந்துவிட்டு, 'மிஷின் வேண்டாங்கண்ணா, காது பாதி மறையட்டும், பின்னாடி காலரைத் தொடட்டும்' என்று உடம்பின் இடங்களைக் காட்டிச் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும்போது வெட்டினால், காய்ந்த பிறகு இன்னும் சற்று ஏறிக்கொள்ளும் என்பதையும், சுருட்டை முடி என்றால் அந்த ஏற்றம் மிக அதிகம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, முதல் முறை ஒரு விரற்கடை குறைவாகவே வெட்டச் சொல்லுங்கள். கண்ணை மட்டும் மூடாதீர்கள். நேரலையில் இருக்கும் சர்வரில் வேலை நடக்கும்போது யாரும் தூங்குவதில்லை.

*

கேள்வி: ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து உடுமலைக்கு பைக்கில் போய்வருகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் மேலே படிந்த பாத்திரம், கீழே வெடித்த பஞ்சு. (வாசகர், பல்லடம்)

பதில்: அந்தச் சாலையின் இருபுறமும் காற்றாலைகளை நட்டவர்கள் உங்கள் முடியைக் கலந்தாலோசிக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து நுழைவதால், மின்சாரத்துக்கு நல்லது என்று தேர்ந்தெடுத்த இடம் அது. ஹெல்மெட்டைக் கழற்றும் யோசனை மட்டும் வேண்டாம்.

காற்று அவிழ்ப்பது ஹெல்மெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை மட்டுமே. ஆகவே முடியைப் பிடரியில், மிகத் தாழ்வாக, ஒரு துணி ரப்பரால் கட்டி, நுனியைச் சட்டைக் காலருக்குள் செருகிவிடுங்கள். உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்தால், அது முன்பக்கமாகச் சாய்ந்து, விழும் நேரத்தில் காப்பாற்ற வேண்டிய இடத்தைக் காப்பாற்றாது. உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். தடித்த துண்டைச் சுற்றினால் ஹெல்மெட் தளர்ந்துவிடும், அதையும் தவிர்க்கவும். ஈரத்தலையோடு மாட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே நாற்றமும் பொடுகும் குடியேறும். உடுமலை போய்ச் சேர்ந்ததும், முன்னர் சொன்ன மறுதொடக்கம்தான்.

*

கேள்வி: சோமனூர்ப் பக்கம் பஞ்சாலையில் வேலை. மாசி, பங்குனியில் சீப்பை எடுத்தாலே முடி எழுந்து நின்று வணக்கம் சொல்கிறது. (வாசகி, சோமனூர்)

பதில்: விடை உங்கள் ஆலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நூற்பு நடக்கும் கூடத்தில் காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டுவதற்கென்று ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் வைத்திருப்பது ஏன்? காற்று வறண்டால் பஞ்சிழைகள் உராய்ந்து நிலைமின்னேற்றம் கொண்டு, ஒன்றையொன்று தள்ளிப் பறந்து, நூல் அறுந்துகொண்டே இருக்கும். முடியிலும் அதே விதிதான் நடக்கிறது. பிளாஸ்டிக் சீப்பை விட்டு வேப்பமரச் சீப்புக்கு மாறுங்கள். சீவுவதற்கு முன் உள்ளங்கையை லேசாக நனைத்தோ, இரண்டு சொட்டு எண்ணெயைத் தேய்த்தோ முடியின்மேல் ஒரு முறை தடவிவிடுங்கள். நீங்கள் இயந்திரத்தருகே நிற்பவர் என்றால், அடுத்த கேள்விக்கான பதிலையும் படித்துவிடவும்.

*

கேள்வி: கணபதியில் லேத் பட்டறையில் இருக்கிறேன். முடி கழுத்து வரை. கட்டினால், உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள். கட்டாமல் சமாளிக்க ஏதாவது ஜெல் உண்டா தம்பி? (வாசகர், கோவை)

பதில்: இல்லைங்கண்ணா. இந்த ஒரு விடையில் வேடிக்கைக்கு இடமில்லை. சுழலும் சக்கோ கம்பியோ ஒரு கற்றை முடியைப் பிடித்துவிட்டால், நீங்கள் பட்டனைத் தேடும் நேரத்துக்குள் உச்சந்தலைத் தோலோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். ஜெல் அதைத் தடுக்காது. ரப்பர் பேண்டில் கட்டித் தொங்கவிடுவதும் போதாது, குனியும்போது அந்த வால் முன்னே வந்து விழும். கட்டிய முடியைச் சுருட்டி, வலையோடு கூடிய தொப்பிக்குள் முழுவதும் அடக்கிக்கொண்டுதான் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். கேலி செய்பவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

*

கேள்வி: தலைக்குக் குளித்தால் சிக்கெடுக்கவே அரை மணி நேரம். தோழியின் முடி சுருட்டை. அவளுக்கு இவ்வளவு சிக்கு விழுவதில்லை. இது என்ன நியாயம்? (கல்லூரி மாணவி, பொள்ளாச்சி)

பதில்: இயற்பியல் உங்கள் தோழியின் பக்கம் இருக்கிறது. கயிற்றைப் பெட்டியில் போட்டுக் குலுக்கினால் அது தானாகவே முடிச்சிட்டுக்கொள்கிறது என்பதை டோரியன் ரேமரும் டக்ளஸ் ஸ்மித்தும் 2007-இல் சோதித்துக் காட்டினார்கள். 2008-இல் அவர்களுக்கும் இக் நோபல் கிடைத்தது. பையில் போட்ட இயர்போன் வயர் ஏன் ஒழுங்காக வெளியே வருவதில்லை என்பதற்கும் அதுவே விடை. அதே 2007-இல் பிரான்சில் ஓர் இயற்பியலாளர் சிக்குகளை எண்ணச் சொல்லிப் பார்த்ததில், நேர்முடியில்தான் சிக்கு அதிகம் என்று தெரியவந்தது. சுருட்டை முடிகள் அடிக்கடி தொட்டுக்கொண்டாலும், நேர்முடிகள் சந்திக்கும் கோணம் சிக்குவதற்கு வசதியாக இருக்கிறதாம்.

கேபிள்களை ஒழுங்குபடுத்துபவர்கள் ஒரு முனையைப் பிடித்து இழுப்பதில்லை, நுனியிலிருந்து விடுவித்துக்கொண்டு வருவார்கள். முடியையும் நுனியில் ஒரு சாண் எடுத்து, அகலப் பல் சீப்பால் விடுவித்துவிட்டுப் பிறகு மேலே ஏறுங்கள். வேரிலிருந்து ஒரேயடியாக இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒன்றாகக் கீழே இறங்கி ஒரு பெரிய முடிச்சாகும். ஈர முடி நன்றாக நீளும், அதனாலேயே இழுப்பது தெரியாமல் அறுந்தும் போகும். இன்னொன்று: குளித்தவுடன் சொரசொரப்பான துண்டால் பரபரவென்று தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் பழைய பனியன் இருக்கும். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்குப் பஞ்சம் இராது. பின்னலாடைத் துணியின் வழுவழுப்பான பரப்பில் துண்டின் வளையங்கள் இல்லை, ஆகவே முடியின் செதில்களைக் கிளப்பாமல் ஈரத்தை மட்டும் அது வாங்கிக்கொள்ளும். தேய்க்காமல், முடியை அதில் பொதிந்து அழுத்தி எடுங்கள்.

*

கேள்வி: எங்கள் அம்மிச்சி காங்கேயத்துச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை வாரம் தவறாமல் அனுப்புகிறார். வைத்துக்கொண்டு அலுவலகம் போனால் முடி நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது. வைக்காவிட்டால் அம்மிச்சி தொலைபேசியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார். (வாசகி, கரூர்)

பதில்: அம்மிச்சி சொல்வது சரி, நேரம்தான் தவறு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள்ளேயே ஊடுருவுகிறது என்று காரணம் சொன்னார்கள். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் காரணம் பொருத்தமாகவே இருக்கிறது.

இடுப்பு வரை நீண்ட முடியில் ஒரு கை எண்ணெய் பரவி மறைந்துவிடும். நடுத்தர முடியில் அதே அளவு எண்ணெய் பரவ இடமில்லாமல் நெற்றியில் வந்து தேங்கும். ஆகவே குளித்த பிறகு வைப்பதை விட்டுவிட்டு, தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவோ, ஒரு மணி நேரத்துக்கு முன்போ வைத்து அலசிவிடுங்கள். அலசுவதற்கு உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மெல்லிய துணியில் சலித்துவிட்டுக் கரையுங்கள்; சடையில் தெரியாத பொடி, தோள்வரை முடியில் கூட்டத்தில் அமர்ந்திருக்கும்போது கறுப்புச் சட்டையின் மேல் கொட்டும். அதையே பொடுகு என்று நினைத்து அடுத்த நாற்காலிக்காரர் நகர்ந்து உட்காருவார். உண்மையிலேயே பொடுகு இருந்தால் எண்ணெயைத் தலைத்தோலில் ஊறவிடாதீர்கள். பொடுகுக்குக் காரணமான நுண்பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசைதான் உணவு. அம்மிச்சியிடம், 'சனிக்கெழம வெச்சனுங் அம்மிச்சி' என்று சொன்னால், அது பொய்யும் ஆகாது.

*

கேள்வி: ஸ்ட்ரெய்ட்னர் வாங்கலாமா? (வாசகி, நாமக்கல்)

பதில்: வாங்கலாம், ஈர முடியில் மட்டும் வைக்கக்கூடாது. உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி, முடித்தண்டுக்குள் குமிழ் குமிழாகத் துளைத்துவிடும். அந்த முடிக்கு மீட்பு கிடையாது, வெட்டத்தான் வேண்டும்.

*

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்து தேறிவிட்டேன். இப்போது சீவும்போதெல்லாம் கைநிறைய வருகிறது. (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. காய்ச்சல், பேறுகாலம், பெரிய அறுவை போன்றவற்றுக்குப் பிறகு, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். அவை இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். பிழை நடந்தது அன்று, அறிக்கை வருவது இன்று. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். வட்ட வட்டமாக உதிர்ந்தாலோ, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்; உதவி மையத்தின் அதிகாரம் அத்தோடு முடிகிறது.

*

கேள்வி: பழனிக்கு மொட்டை வேண்டுதல் இருக்கிறது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று அப்பாரு சொல்கிறார். மறுபடி இதே நீளம் வர எவ்வளவு நாள் ஆகும்? (வாசகர், தாராபுரம்)

பதில்: வேண்டுதலுக்காகப் போடுங்கள், அடர்த்திக்காகப் போட வேண்டாம். கைப்பேசியைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புவதால் அதன் நினைவகம் கூடிவிடாது. சவரம் செய்வதால் முடி தடிப்பதில்லை என்பதை மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற உடற்கூற்றியலாளர் 1928-லேயே ஆண்களின் தாடியை வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். புதிய நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. அப்பாருவிடம் இதை வாதிட வேண்டாம், மலையேறும்போது மூச்சு வாங்கும். காலரைத் தொடும் 20 சென்டிமீட்டர் திரும்ப வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். அதற்குள் திருமணம் முதலிய நிகழ்ச்சிகள் இருந்தால் தேதியைப் பார்த்துக்கொண்டு பழனிக்குப் புறப்படுங்கள்.

*

கேள்வி: வரும் தையில் கொழுந்தனாருக்குக் கல்யாணம். சத்தியமங்கலத்திலிருந்து மல்லிகை வருகிறது. என் முடியோ கழுத்துக்குச் சற்றுக் கீழே. பின்னல் போட்டால் எலிவால். நங்கையா, 'பூவ எங்க வெப்ப, காதுலயா?' என்று கேட்கிறார். (வாசகி, சத்தியமங்கலம்)

பதில்: நங்கையாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் நான்கு முழச் சரத்தைத் தாங்குவதற்குச் சடைதான் வடிவமைக்கப்பட்டது. உங்களிடம் அந்தச் சர்வர் இல்லை. ஆகவே சுமையைப் பல இடங்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். முடியின் மேல்பாதியை மட்டும் எடுத்து உச்சிக்குச் சற்றுக் கீழே இறுக்கமாக ரப்பர் பேண்டில் கட்டுங்கள். கீழ்ப்பாதி தோளில் விழட்டும். சரம் இரண்டு முழத்துக்கு மேல் வேண்டாம். அதைக் கட்டிய இடத்தில் தொங்கவிடாமல், கட்டுக்கு மேலே ஒரு காதிலிருந்து மறு காது வரை பிறை போல் வளைத்து வையுங்கள். நெருக்கமாகக் கட்டிய சரம் என்றால் நாரின் பக்கம் தலையில் படியும்படி இருக்கட்டும்.

ஹேர் பின்னைத்தான் பெரும்பாலானவர்கள் தலைகீழாகக் குத்துகிறார்கள். அதன் ஒரு கால் நேராகவும் மறுகால் நெளிநெளியாகவும் இருக்கும். நெளிந்த கால் தலையை ஒட்டிக் கீழே போக வேண்டும், அதுதான் முடியைப் பிடிக்கும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பின்களைப் பெருக்கல் குறி போல் குறுக்காகக் குத்தி, இரண்டுக்கும் நடுவே நாரை மாட்டிவிட்டால், மணவறைப் படியில் ஏறி இறங்கினாலும் சரம் நழுவாது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் தலைக்குக் குளித்துவிடுங்கள். அன்றே குளித்த முடி வழுக்கும், பின் நிற்காது.